முதலில் குழு, பிறகு மைக்: ஜாஸை மேடையில் பதிவு செய்வது

கேள்வி இதுதான்: பியானோ, டபுள் பாஸ், ட்ரம்ஸ், டெனர் சாக்ஸபோன் என நால்வர் கொண்ட ஒரு ஜாஸ் குழு தன் முதல் ஆல்பத்தை ஸ்டூடியோவில் பதிவு செய்ய வேண்டுமா, வழக்கமாக வாசிக்கும் கிளப்பிலேயே செய்யலாமா? பெரிய ஜாஸ் கலைஞர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? கிளப் என்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

அதே நான்கு பேர் அதே உருப்படிகளை இருபது, முப்பது மேடைகளிலாவது சேர்ந்து வாசித்திருந்தால் கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஸ்டூடியோவுக்குப் போங்கள். அங்கே தப்பு நடந்தால் இன்னொரு டேக் எடுக்கலாம். மைக், மிக்சர் பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான்.

ரசிகர்களின் கைதட்டல் கலைஞர்களை உசுப்பிவிடும், அதனால்தான் நேரடிப் பதிவு சூடாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை. 1966-ல் பதிவான சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் ‘மெர்சி, மெர்சி, மெர்சி’ ஆல்பத்தின் அட்டைக் குறிப்பு அது ஒரு சிகாகோ கிளப்பில் நடந்ததாகச் சொன்னது. உண்மையில் அது லாஸ் ஏஞ்சலஸில் கேப்பிட்டல் நிறுவனத்தின் ஸ்டூடியோ. ஆட்களை அழைத்து உட்காரவைத்து, குடிக்கவும் கொடுத்து, கிளப் மாதிரி ஆக்கியிருந்தார்கள். கேட்டால் சந்தேகமே வராது. பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் 1960-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். ரசிகர் என்று ஒருவரும் இல்லாத நியூயார்க் ஸ்டூடியோவில் நின்றுகொண்டு, கைதட்ட வேண்டாம், குவளையில் ஐஸைக் குலுக்க வேண்டாம் என்று இல்லாத கூட்டத்துக்கு அறிவிப்புச் செய்துவிட்டு வாசித்தார். எரிக் டால்ஃபி, டெட் கர்சன், டேனி ரிச்மண்ட் ஆகியோர் இருந்த அந்தக் குழு அதே ஆண்டு கிரீன்விச் வில்லேஜில் ‘ஷோபிளேஸ்’ கிளப்பில் தொடர்ந்து வாசித்து ஊறிய குழு. கூட்டம் இல்லாமலே கிளப்பில் வாசிப்பதுபோல் வாசிக்க அவர்களால் முடிந்ததற்கு அதுதான் காரணம்.

பியானோ கலைஞர் பில் எவன்ஸின் ட்ரியோவையே, அதாவது மூவர் குழுவையே, எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷியன் ட்ரம்ஸ். 1959 கடைசியில் சேர்ந்தவர்கள். ரிவர்சைட் நிறுவனத்துக்கு இரண்டு ஸ்டூடியோ ஆல்பம் முடித்தவர்கள். 1961 ஜூன் 25, ஞாயிறு அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் அவர்களைப் பதிவு செய்தபோது அது இரண்டு வார நிகழ்ச்சியின் கடைசி நாள். மதியமும் இரவுமாக ஐந்து செட் (இடைவேளை இல்லாமல் வாசிக்கும் ஒரு சுற்று ஒரு செட்). அரங்கில் கூட்டம் குறைவு, பேச்சுச் சத்தம் காதில் விழும், கைதட்டல் சில இடங்களில் பாவமாக இருக்கும். ரசிகர்களின் உற்சாகத்தால் வந்த இசை என்று அதைச் சொல்லவே முடியாது. மூன்று பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்திருந்தார்கள், அவ்வளவுதான். பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார்.

பியானோ கலைஞர் அகமத் ஜமாலும் அப்படித்தான். சிகாகோ பெர்ஷிங் ஹோட்டலில் அவருடைய ட்ரியோ நிரந்தரமாக வாசித்துவந்த இடத்திலேயே 1958 ஜனவரியில் டேப்பை ஓடவிட்டார்கள். பதிவான 43 உருப்படிகளில் ஜமால் தேர்ந்தெடுத்தது எட்டு. இந்த விகிதத்தை மனதில் வையுங்கள்.

விதிக்கு விலக்கும் உண்டு, மறைக்கக் கூடாது. டெனர் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் 1957 நவம்பர் 3 அன்று அதே வேன்கார்டில் பதிவு செய்தபோது மதியம் ஒரு பாஸ்–ட்ரம்ஸ் ஜோடி, இரவு வேறு ஜோடி. இரவில் வந்த வில்பர் வேரும் எல்வின் ஜோன்ஸும் அவரோடு நீண்ட நாள் வாசித்தவர்கள் அல்ல. ஆனாலும் ஆல்பத்தில் பெரும்பகுதி அந்த இரவுதான். பியானோவே இல்லாமல், சாக்ஸபோன் தனியாக மொத்தப் பாரத்தையும் சுமக்கும் அமைப்பு அது. ராலின்ஸ் அளவுக்கு ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் நான் மேலே சொன்னதை மறந்துவிடலாம்.

கலைஞர்களைப் பயமுறுத்துவது ஸ்டூடியோவின் சிவப்பு விளக்கு. பதிவாகிறது என்று தெரிந்தவுடன் வாசிப்பு ஒழுங்காகிவிடும், அதாவது சப்பென்று ஆகிவிடும். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு 1965 டிசம்பரில் சிகாகோவின் ‘பிளக்ட் நிக்கல்’ கிளப்புக்குப் போனபோது, ட்ரம்மர் டோனி வில்லியம்ஸ் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக வாசிப்போம். உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் அடங்குவது, அடங்க வேண்டிய இடத்தில் வெடிப்பது. உள்ளே போனால் கொலம்பியா நிறுவனத்தின் ரெக்கார்டிங் கருவிகள் நிற்கின்றன. ஆனாலும் அவர்கள் பின்வாங்கவில்லை. டிசம்பர் 22, 23 இரண்டு இரவும் சேர்த்து ஏழு செட். முழுப் பதிவும் வெளிவர 1995 ஆயிற்று. வருடக்கணக்கில் ஒரே உருப்படிகளை வாசித்துச் சலித்த குழுவுக்குத்தான் இப்படி உடைக்கத் தோன்றும், உடைக்கவும் முடியும்.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுக்க வேண்டியது: ஒரே இரவை நம்பாதீர்கள். இரண்டு இரவு, இரவுக்கு இரண்டு அல்லது மூன்று செட், எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். ஆல்பத்துக்கென்று நினைக்கும் ஒவ்வொரு உருப்படியும் குறைந்தது இரண்டு முறையாவது வர வேண்டும். ஆனால் அடுத்தடுத்த செட்டில் அல்ல, மறுநாள் இரவு வரட்டும். முதல் செட்டை வெறும் பழக்கத்துக்கு என்று எண்ணுங்கள். முதல் நாளே நல்ல பதிவு கிடைத்துவிட்டால் அதைக் குழுவிடம் சொல்லாதீர்கள். மறுநாள் எல்லோரும் அதையே திரும்ப வாசிக்கப் பார்ப்பார்கள்.

மைக் வைப்பதற்கு முன் பணத்தைப் பேசிவிடுங்கள். இது இசைக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை. 1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஹாலில் மைல்ஸ் குழு வாக்காளர் பதிவு இயக்கத்துக்கு நிதி திரட்ட வாசித்தது. சம்பளம் வேண்டாம் என்று மைல்ஸ் முடிவு செய்துவிட்டார். குழுவில் சிலருக்கு அதில் உடன்பாடில்லை. கோபத்தோடு மேடையேறினார்கள். அந்த இரவின் நிதானமான உருப்படிகள் ஒரு ஆல்பமாகவும், வேகமானவை இன்னொன்றாகவும் வந்தன. வேகமானவற்றில் அந்த முறுக்கு தெரியும். அன்று அது இசைக்கு உதவியது. எல்லாக் குழுவுக்கும் உதவாது.

அமெரிக்க இசைக் கலைஞர் சங்கத்தின் வழக்கப்படி ஒலிப்பதிவில் குழுத் தலைவருக்குப் பக்கவாத்தியக்காரரைப் போல் இரண்டு மடங்கு ஊதியம். இந்தச் சமனின்மையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள். பெரிய குழு ஒன்றை நடத்திய டியூக் எலிங்டன் தன் பாடல்களின் ராயல்டியைக் கொட்டிக் குழுவைக் காப்பாற்றினார். பாரிடோன் சாக்ஸபோன் ஹாரி கார்னி 1927 முதல் எலிங்டன் 1974-ல் இறக்கும்வரை கூடவே இருந்தார். மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் நால்வரும் பங்காளிகளாகவே குழுவை நடத்தினார்கள். 1952-ல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. அதுவும் வருமானம் போதவில்லை என்று மில்ட் ஜாக்சன் விலகியபோதுதான் 1974-ல் நின்றது. தாட் ஜோன்ஸ்–மெல் லூயிஸ் பெரிய குழு வழி வேறு: உறுப்பினர்கள் ஸ்டூடியோ வேலைகளில் பிழைத்துக்கொண்டு, 1966 பிப்ரவரியிலிருந்து திங்கட்கிழமை இரவு மட்டும் வேன்கார்டில் கூடினார்கள். ஜோன்ஸ் போனார், லூயிஸ் இறந்தார், திங்கட்கிழமை நிற்கவில்லை.

உங்கள் நால்வருக்கு ஒரு பக்கக் காகிதம் போதும்: பதிவுக்கு ஆளுக்கு எவ்வளவு, விற்பனையில் பங்கு உண்டா, பாடல் எழுதியவருக்கு என்ன, எந்த டேக் வெளிவரும் என்பதைத் தீர்மானிப்பது யார், ஒருவர் தன் வாசிப்புப் பிடிக்கவில்லை என்று ஒரு உருப்படியைத் தடுக்கலாமா. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே கையெழுத்தாகட்டும்.

இனி அரங்கம். அதிகமான நேரடிப் பதிவுகள் கெடுவது ஒரே காரணத்தால்: பதிவுக்காக வாத்தியங்களைத் தள்ளித் தள்ளி வைப்பது. ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். பாஸும் ட்ரம்ஸும் 2 மீட்டர் தூரத்தில் இருந்தால் 6 மில்லி செகண்ட், யாருக்கும் உறைக்காது. 8 மீட்டர் என்றால் 23 மில்லி செகண்ட். தாளம் பின்னோக்கி இழுக்கும், பாஸ்காரர் ட்ரம்மரைக் குற்றம் சொல்வார், ட்ரம்மர் பாஸ்காரரை. எனவே வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள். பாஸ் பியானோவுக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவில், ட்ரம்ஸில் தாளம் ஓட்டும் ரைடு சிம்பலும் பியானோக்காரரின் இடது கையும் கண்ணில் படும்படி. கலைஞர்கள் கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை முடிந்தவரை அணைத்துவிடுங்கள். அதில் வரும் ஒலி எல்லா மைக்கிலும் இரண்டாவது முறையாக விழும். பாஸ் கேட்கவில்லை என்று பியானோக்காரர் சொன்னால் பாஸை அரை மீட்டர் அருகே நகர்த்துங்கள், மானிட்டரைக் கூட்டாதீர்கள்.

ஒலிக் கசிவைக் கண்டு பயப்பட வேண்டாம். அதுதான் அந்த அறையின் வாசனை. பயப்பட வேண்டியது ஒரே கசிவுக்கு: திறந்த பியானோவுக்குள் போகும் ட்ரம்ஸ். பியானோவின் மூடி ட்ரம்ஸுக்கு முதுகு காட்டும்படி வையுங்கள். மூடியைக் குட்டைக் குச்சியில் நிறுத்தி, இரண்டு கார்டியாய்டு மைக்கைச் சுத்தியல்களிலிருந்து 20–30 செ.மீ. மேலே, முதுகு ட்ரம்ஸைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். கார்டியாய்டு மைக் மிகக் குறைவாகக் கேட்பது தன் நேர் பின்புறத்தை. பியானோவைச் சுருதி சேர்ப்பது அன்று மாலை, ஏசி நிகழ்ச்சியில் ஓடப்போகிற அளவில் ஒரு மணி நேரமாவது ஓடிய பிறகு. இரண்டாவது நாளும் ஒருமுறை பார்க்க வேண்டும். விருந்தினராக வைப்ரஃபோன்காரர் வருகிறார் என்றால் அவருடைய கருவியின் சுருதி 440 ஹெர்ட்ஸா 442 ஹெர்ட்ஸா என்று முதலிலேயே கேளுங்கள். அதைத் திருத்த முடியாது, பியானோவைத்தான் அதற்கு ஏற்றாற்போல் சேர்க்க வேண்டும்.

டபுள் பாஸுக்கு இரண்டு தடம்: தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் உயரத்தில் 20–30 செ.மீ. தள்ளி ஒரு மைக், கூடவே வாத்தியத்திலேயே பொருத்திய பிக்-அப்பிலிருந்து நேர்த் தடம். மைக்கில் ஒலி கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட் தாமதமாக வரும். இரண்டையும் கூட்டும்போது அடி ஸ்தாயி மெலிந்துபோனால் ஒன்றின் ஃபேஸை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பாருங்கள், அல்லது நேர்த் தடத்தை அந்த ஒரு மில்லி செகண்ட் பின்தள்ளுங்கள். நேர்த் தடம் காப்பீடு மாதிரி. நல்ல இரவில் அது தேவைப்படாது. 1953 மே 15 அன்று டொரான்டோ மாஸி ஹாலில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், மாக்ஸ் ரோச், மிங்கஸ் ஐவரும் வாசித்த பதிவில் பாஸ் சரியாக விழவில்லை. ஆல்பத்தை வெளியிடுவதற்கு முன் மிங்கஸ் தன் பகுதியை ஸ்டூடியோவில் மேலே திரும்ப வாசித்துச் சேர்த்தார். ஒரு தடம் கூடுதலாக இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது. அன்று அந்த வசதி இல்லை, இன்று இருக்கிறது.

ட்ரம்ஸுக்கு மேலே இரண்டு மைக், இரண்டும் ஸ்னேர் ட்ரம்மின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில், சிம்பலுக்கு ஒரு மீட்டர் மேல். டேப்பால் அளந்தே வையுங்கள். கண் மதிப்பு ஏமாற்றும். ஜாஸ்காரர்களின் 18 அங்குல பாஸ் ட்ரம்மில் முன் தோலில் ஓட்டை இருக்காது. மைக்கை 15–20 செ.மீ. முன்னால் வைத்தால் போதும். ஸ்னேருக்குத் தனி மைக் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். குச்சியில் வாசிக்கும்போது தேவையில்லை. கம்பி பிரஷ் எடுத்தால் அந்தத் தேய்ப்பு மேல் மைக்கில் காணாமல் போய்விடும். அதற்காக வையுங்கள்.

டெனர் சாக்ஸபோனுக்கு மைக் 30–45 செ.மீ. தூரத்தில், குழல் வாய்க்குள் அல்லாமல், வாய்க்கும் சாவிகளுக்கும் நடுவே பார்க்கட்டும். சாக்ஸபோன்காரர்கள் அசைவார்கள், குனிவார்கள், திரும்புவார்கள். ஜான் கோல்ட்ரேன் 1961 நவம்பரில் வேன்கார்டில் வாசித்த பதினாறு நிமிட ப்ளூஸுக்கு ‘சேசின் த ட்ரேன்’ என்று பெயர் வந்ததே, ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டர் மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடியதால்தான் என்பார்கள். இன்று ஓட வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளி இரண்டாவது மைக் வைத்துவிடுங்கள். பக்கத்து மைக்குகளுக்கு இடையே தூரம், மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருந்தால் ஃபேஸ் குளறுபடி குறையும். ஆனால் சாக்ஸபோனின் அந்த இரண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் சேர்த்துக் கலக்காதீர்கள். எது நன்றாக விழுந்ததோ அதை மட்டும் எடுங்கள்.

அரங்கத்தின் மைக்கும் பதிவின் மைக்கும் வேறு வேறு என்றால், எது எது என்று சோலோ வாசிப்பவர் எல்லோருக்கும் காட்டுங்கள். 1956 ஜூலை 7, நியூபோர்ட் விழாவில் எலிங்டன் குழுவின் டெனர் சாக்ஸபோன்காரர் பால் கொன்சால்வெஸ் 27 கோரஸ் (உருப்படியின் ஒரு முழுச் சுற்று ஒரு கோரஸ்) தொடர்ந்து வாசித்து எலிங்டனின் வாழ்க்கையையே திருப்பிப்போட்டார். ஆனால் அவர் நின்று வாசித்தது கொலம்பியாவின் மைக்கில் அல்ல, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். கொலம்பியாவின் டேப்பில் சாக்ஸபோன் எங்கோ தொலைவில் கேட்டது. இரண்டு நாள் கழித்து நிறைய உருப்படிகளை ஸ்டூடியோவில் திரும்ப வாசித்து, கைதட்டலை ஒட்டி ஆல்பத்தை முடித்தார்கள். வானொலியின் டேப்பையும் கொலம்பியா டேப்பையும் சேர்த்து அந்த இரவை உண்மையில் நடந்தபடி வெளியிட 1999 ஆயிற்று.

அரங்கின் ஒலிபெருக்கிக்கும் பதிவுக்கும் ஒரே மைக்குகள்தான் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்ப்ளிட்டரால் பிரித்து எடுங்கள். ஒரு பக்கத்து மின் இரைச்சல் மறுபக்கம் வராது. லெவல்: சவுண்ட் செக்கில் உச்சம் மைனஸ் 18 டெசிபலைத் (டிஜிட்டல் மீட்டரின் எல்லை 0) தாண்ட வேண்டாம். கூட்டம் வந்தபின் எந்தக் குழுவும் சுமார் 6 டெசிபல் கூட வாசிக்கும். ட்ரம் சோலோ அதற்கும் மேலே. 24 பிட்டில் குறைவாகப் பதிவதால் நஷ்டமில்லை, உச்சியில் வெட்டுப்பட்டால் மீட்பில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 16 தடம் என்றால் மணிக்குச் சுமார் 8.3 ஜிபி. இரண்டு இரவு, மூன்று மூன்று மணி நேரம் என்றால் 50 ஜிபி. இரண்டு கருவியில் ஒரே நேரத்தில் பதியுங்கள், ஒன்றாவது யுபிஎஸ் வழியாக ஓடட்டும். எவன்ஸ் ட்ரியோவின் அந்த ஞாயிற்றுக்கிழமையில்கூட முதல் செட்டின் முதல் உருப்படி நடுவே மின்சாரம் போய்த் தடம் அறுந்தது.

கிளப்பின் சத்தங்களை மாலையிலேயே காலி அரங்கில் ஐந்து நிமிடம் பதிந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஐஸ் மெஷின், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், மங்கலாக்கும் விளக்கு சுவிட்சின் ரீங்காரம், காபி மெஷினின் நீராவி. முதல் மூன்றையும் செட் நேரத்தில் நிறுத்தச் சொல்லலாம். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காமலிருக்க உங்கள் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், இது எல்லா ஊர் ஒலிப்பதிவாளர்களும் செய்வதுதான். வேன்கார்டின் பக்கத்திலேயே சுரங்க ரயில் ஓடுகிறது. அந்த மாதிரி உறுமலுக்கு 30–40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாஸுக்கும் கெடுதல் வராது.

கூட்டத்துக்கு இரண்டு மைக், மேடை ஓரத்தில், முதுகை மேடைக்குக் காட்டி. அரங்கின் பின்சுவரில், 10 மீட்டர் தள்ளி வைத்தீர்கள் என்றால் 29 மில்லி செகண்ட் தாமதம். கலக்கும்போது எதிரொலி மாதிரி சேறாகும். நிகழ்ச்சிக்கு முன் மேடை நடுவிலிருந்து ஓங்கி ஒரு கைதட்டைப் பதிவு செய்துவையுங்கள். பின்னால் அந்தத் தடத்தை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

வெட்டி ஒட்டுவதைப் பற்றி: பியானோவின் ஒரு தப்பு சுரத்தைத் தனியாக மாற்ற முடியாது, அது பாஸ் மைக்கிலும் ட்ரம்ஸ் மைக்கிலும் இருக்கிறது. எல்லாத் தடத்தையும் சேர்த்து ஒரே இடத்தில்தான் வெட்டலாம். சோலோ முடிந்து மூல மெட்டு திரும்பும் இடம் ஏற்றது. இரண்டு இரவின் வேகம் நிமிடத்துக்கு 200, 206 தட்டு என்று இருந்தால் ஒட்டு உறுத்தும், விட்டுவிடுங்கள். சிம்பலின் நீண்ட ரீங்காரம் வெட்டைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். ட்ரம்மருக்குத்தான் அது முதலில் கேட்கும். வினைல் தட்டும் போடுவதானால் ஒரு பக்கத்துக்கு 18–22 நிமிடம்தான். கோல்ட்ரேனின் அந்தப் பதினாறு நிமிடம் ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. எந்த உருப்படிக்கு அந்த இடம் கொடுக்கலாம் என்று மேடை ஏறுமுன்பே ஓர் எண்ணம் இருக்கட்டும்.

தேர்வை அன்றிரவே செய்யாதீர்கள். 1964-ன் அந்த ஃபில்ஹார்மோனிக் இரவு முடிந்து, சொதப்பிவிட்டோம் என்று சோர்ந்துபோனவர்களில் பியானோ வாசித்த ஹெர்பி ஹான்காக்கும் ஒருவர். பதிவைக் கேட்ட பிறகுதான் எப்பேர்ப்பட்ட வாசிப்பு என்று தெரிந்தது. மேடையில் கையில் உணர்ந்ததும் அறையில் கேட்டதும் ஒன்றாக இருக்காது. ராலின்ஸ் மாதிரி தன் வாசிப்பைக் கேட்கவே பிடிக்காதவர்களும் உண்டு. பல ஆண்டு மேடைப் பதிவுகளிலிருந்து பொறுக்கி அவர் ‘ரோட் ஷோஸ்’ வரிசையை வெளியிடத் தொடங்கியது 2008-ல், எழுபது வயதைத் தாண்டி. இரண்டு வாரம் கழித்து, எந்த வாத்தியத்தையும் தூக்காத ஒரு சாதாரண மிக்ஸை நால்வருக்கும் கொடுங்கள். தனித்தனியாகக் கேட்டு, தன் சோலோவை விட்டுவிட்டு மற்ற மூவரின் வாசிப்புக்கு மட்டும் மதிப்பெண் போடட்டும். முதலில் சேர வேண்டியவை நால்வரின் பட்டியலிலும் இருப்பவை. ஆறு உருப்படிகூடத் தேறவில்லை என்றால் ஆல்பத்தைத் தள்ளிப்போட்டு, இன்னும் பத்து மேடை வாசித்துவிட்டு வாருங்கள்.